மேகக் கணிமை மேடையும் அதன் புதிய வசதிகளும்

நாடகம் ஒன்றை அரங்கேற்ற எண்ணும் கிராமத்து இளைஞர் சங்கத்தாருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கோயில் வீதியிலே தாமே கொட்டகை போட்டு, மேடை கட்டி, திரை தைத்து, பெற்றோமாக்ஸ் விளக்குத் தேடி, மழை வந்தால் என் செய்வது என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது. மற்றையது, நகரசபை மண்டபத்தை ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுப்பது. மண்டபத்திலே மேடை உண்டு, திரை உண்டு, மின்விளக்கு உண்டு, வாயிற்காவலனும் உண்டு. நடிகர்கள் தம் பாடத்தையும் உடைகளையும் கொண்டு சென்றாற் போதும். ஆனால் மண்டபத்துக்கென்று விதிகளும் உண்டு. சுவரில் ஆணி அடித்தலாகாது; தீவட்டி கொளுத்தலாகாது; குறித்த மணிக்கு மேல் ஆடலாகாது. அடுத்த ஆண்டு வாடகை எவ்வளவு என்பதையும் மண்டபத்தாரே தீர்மானிப்பர்.

கணினிக்குச் செய்நிரல் எழுதி, அதனை இணையத்தின் வழியாகப் பலருக்கும் பயன்பட வைக்க விரும்புவோரின் நிலையும் ஏறத்தாழ இதுவேயாகும். செய்நிரலை எழுதுவது வேலையிற் பாதிதான். அதனை இரவும் பகலும் ஓடச்செய்ய ஒரு சேவையகக் கணினி வேண்டும். அக்கணினிக்கு இடைவிடாத மின்சாரம் வேண்டும். சூடு தணிக்கக் குளிரூட்டி வேண்டும். தட்டு பழுதானால் மாற்ற ஆள் வேண்டும். தரவுகளைப் படியெடுத்து வேறோரிடத்தில் வைக்கும் ஒழுங்கு வேண்டும். இவையெல்லாம் அமைந்த பின்னரும் ஒரு சங்கடம் எஞ்சி நிற்கும். நாளொன்றுக்கு நூறுபேர் வந்துபோகும் தளத்துக்கு ஒருநாள் திடீரென ஓர் இலட்சம்பேர் வந்துவிட்டால் கணினி மூச்சுத் திணறி நின்றுவிடும். அந்த ஒரு நாளை எண்ணி நூறு கணினிகளை வாங்கி வைத்தாலோ, ஆண்டின் ஏனைய நாட்களில் அவை வெறுமனே மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கும். சிறு நிறுவனங்களும், தனியாட்களும், பாடசாலைகளும் நெடுங்காலம் இவ்விரண்டு இடர்களுக்கும் நடுவே அகப்பட்டிருந்தனர்.

இவ்விடரைத் தீர்க்க எழுந்ததே மேகக் கணிமை. மேகம் என்ற பெயர் ஏன் வந்தது என நேயர்கள் வினவக்கூடும். பொறியியலாளர் வலையமைப்பின் படத்தை வரையும்போது, தமக்கு அப்பால் எங்கோ கிடக்கும் பகுதியை ஒரு மேகம்போல் வரைந்து காட்டுவது வழக்கம். உள்ளே என்ன இருக்கிறது என்று கவலைப்பட வேண்டியதில்லை என்பது அதன் பொருள். ஆனால் உண்மையில் அங்கே மேகமும் இல்லை, வானமும் இல்லை. பெரிய கட்டடங்களில் வரிசை வரிசையாக அடுக்கப்பட்ட கணினிகளே உண்டு. அமேசன் நிறுவனம் 2006ஆம் ஆண்டில் இத்தகைய கணினிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கிற்று. அது வெறுங்காணியைக் குத்தகைக்குக் கொடுப்பது போன்றது. கொட்டகையைக் குத்தகைக்காரரே போட்டுக்கொள்ள வேண்டும். கூகிள் நிறுவனமோ 2008 ஏப்பிரல் 7ஆந் திகதி வேறொரு வகையான சேவையை அறிவித்தது. காணியை அன்று, கட்டி முடித்த மண்டபத்தையே அது வாடகைக்கு விட்டது. அதன் பெயர் அப் எஞ்சின். இவ்வாறு செய்நிரலை மட்டும் கொண்டுவரச் சொல்லி, மற்றெல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும் சேவையைத் துறைசார்ந்தோர் மேடை என்றே அழைக்கின்றனர்.

முதலில் 10,000 செய்நிரலாளர்களுக்கு மாத்திரமே இடம் அளிக்கப்பட்டது. சில வாரங்களுள் எல்லோருக்கும் கதவு திறக்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் 500 மெகாபைற்றுச் சேமிப்பிடமும், மாதத்துக்கு ஏறக்குறைய 50 இலட்சம் பக்கங்களைக் காட்டுவதற்குப் போதுமான கணிப்பு ஆற்றலும் இலவசம். எழுதக்கூடிய மொழி ஒன்றே ஒன்று, அது பைதன். அம்மொழியை ஆக்கிய கைடோ வான் றொசம் என்ற ஒல்லாந்தர் அக்காலத்தில் கூகிளிலேயே பணியாற்றினார் என்பதும், பின்னர் இம்மேடைக்காக ஒரு முக்கியமான செய்நிரற் றொகுதியைத் தாமே எழுதினார் என்பதும் ஈண்டு குறிப்பிடத்தக்கன.

இம்மேடை வேலைசெய்யும் முறையைச் சற்றே விளக்கினாற்றான் பின்வந்த புதுமைகளின் அருமை புலப்படும். செய்நிரலாளர் தம் செய்நிரலை மேடைக்கு அனுப்பிவிடுகிறார். யாரேனும் ஒருவர் அத்தளத்தை நாடி ஒரு கோரிக்கை விடுத்ததும், மேடையானது அச்செய்நிரலின் படி ஒன்றைத் தன் கணினிகளுள் ஒன்றில் உயிர்ப்பித்து, அக்கோரிக்கைக்கு விடையளிக்கச் செய்கிறது. கோரிக்கைகள் பெருகினால் இரண்டாவது படி, மூன்றாவது படி, நூறாவது படி எனத் தானாகவே உயிர்ப்பிக்கிறது. கூட்டம் கலைந்ததும் அப்படிகளை அணைத்துவிடுகிறது. மணவீட்டில் பந்திக்கு ஆட்கள் கூடக் கூட இலை போடுவதும், குறையக் குறையச் சுருட்டுவதும் போன்றது இது. 2009 மார்ச்சு மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதி மாளிகை, பொதுமக்கள் ஜனாதிபதியிடம் கேட்க விரும்பும் கேள்விகளை இணையத்தில் வரவேற்றபோது, அதற்கான தளம் இம்மேடையின்மீதே ஓடிற்று. 92,000க்கு மேற்பட்டோர் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட கேள்விகளை அனுப்பினர். அவற்றுக்கு 36 இலட்சம் வாக்குகள் விழுந்தன. இரண்டே நாட்களுக்கு வந்து கலைந்த அக்கூட்டத்துக்கென ஒரு கணினி தானும் வாங்கப்படவில்லை.

ஆயினும் மண்டபத்தின் விதிகள் கடுமையானவை. ஒரே கணினியில் ஒருவரையொருவர் அறியாத பலருடைய செய்நிரல்கள் அருகருகே ஓடுகின்றன. ஒருவர் செய்நிரல் மற்றவரின் தரவைப் பார்த்தலும் ஆகாது; கணினி முழுவதையும் தானே பிடித்துக்கொள்ளுதலும் ஆகாது. எனவே செய்நிரல் கணினியின் தட்டிற் கோவை எதனையும் எழுத முடியாது. வேறு கணினிகளுடன் தன் விருப்பப்படி தொடர்பு கொள்ள முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தக் கோரிக்கைக்கும் 30 வினாடிகளுக்குள் விடையளித்து முடித்தாக வேண்டும். முப்பத்தோராவது வினாடியில் வேலை பாதியில் நின்றாலும் மேடை இரக்கங் காட்டாது, அறுத்துவிடும். தரவுத்தளத்திலிருந்து ஒரே கேள்வியில் 1,000 பதிவுகளுக்கு மேற் பெறவும் முடியாது. ஓராயிரத்து ஒன்றாவது பெயரைக் கொண்ட ஒரு மாணவர் இடாப்பைக் கையாளக்கூட எத்தனையோ சுற்றுவழிகளைச் செய்நிரலாளர் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. 2010 பெப்ரவரியில் இவ்வெல்லை நீக்கப்பட்டபோது ஏற்பட்ட மகிழ்ச்சி, புதிதாக ஒன்று கிடைத்த மகிழ்ச்சி அன்று. காலிற் குத்திய முள் கழன்ற மகிழ்ச்சி.

மேடையின் புதுமைகள் பதிப்பு பதிப்பாக வந்தன. 2009 ஏப்பிரலில், தொடங்கிச் சரியாக ஓராண்டு நிறைந்த நாளில், ஜாவா மொழிக்கும் இடமளிக்கப்பட்டது; குறித்த நேரத்திற் குறித்த வேலையைத் தானாகச் செய்யும் ஒழுங்கும் அப்போதே வந்தது. அவ்வாண்டின் நடுப்பகுதியில் வேலைவரிசை என்ற வசதி சேர்க்கப்பட்டது. இது பெருவசதி. தபாற்கந்தோருக்குச் சென்று ஒருவர் பதிவுத் தபால் ஒன்றைக் கொடுக்கிறார். எழுதுவினைஞர் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்ததும் அவர் வீடு திரும்பிவிடுகிறார். கடிதம் போய்ச் சேரும்வரை அவர் கருமபீடத்தின் முன் நிற்பதில்லை. அதுபோலவே பயனருக்கு உடனே ஒரு விடையைச் சொல்லிவிட்டு, நேரம் பிடிக்கும் வேலையை வரிசையில் இட்டுவிட்டால், மேடை அதனைப் பின்னர் ஆறுதலாகச் செய்யும். ஆனால் இவ்வாறு பின்னணியில் நடக்கும் வேலைக்கும் அதே 30 வினாடி எல்லைதான்! அஃது என்ன நியாயம் என்று பலரும் கேட்டனர். நேரே காத்திருக்கும் மனிதர் ஒருவர் இருந்தால் 30 வினாடி என்பது பொருத்தமே. யாருமே காத்திராத வேலைக்கும் அதே அவசரம் எதற்கு?

இக்கேள்விக்கு விடையாக வந்ததே 2010 டிசெம்பரில் வெளியான 1.4.0 என்ற பதிப்பு. அப் எஞ்சினின் பதிப்புகளுள் இதனையே சற்று விரிவாக நோக்குவது தகும். ஏனெனில் மேடை ஒன்றைப் புதுப்பிப்பது என்றால் என்ன என்பதற்கும், அப்புதுப்பித்தலின் பலன் எத்தனை காலம் நிற்கும் என்பதற்கும் இப்பதிப்பு நல்ல சான்று.

அதன் முதற் புதுமை, வேலைவரிசையில் இடப்படும் வேலைகளுக்கும், நேரங்குறித்து நடக்கும் வேலைகளுக்கும் உரிய எல்லையை 30 வினாடியிலிருந்து 10 நிமிடமாக உயர்த்தியமை. இருபது மடங்கு! எண்ணிக்கையிற் சிறிதாகத் தோன்றும் இம்மாற்றத்தின் விளைவை ஓர் உதாரணத்தாற் காணலாம். ஒரு கல்லூரியின் 1,200 மாணவருக்கும் தவணைப் பரீட்சைப் பெறுபேற்று அறிக்கைகளைத் தயாரிக்க வேண்டும் என்று கொள்வோம். ஓர் அறிக்கைக்கு அரை வினாடி பிடித்தால் மொத்தம் 600 வினாடி, அதாவது 10 நிமிடம். முன்னைய விதியின்படி ஒரு தடவையில் 60 மாணவருக்கு மேற் செய்ய முடியாது. ஆகவே வேலையை இருபது துண்டுகளாக வெட்டி, எந்தத் துண்டு முடிந்தது, எது இடையில் அறுந்தது, எதை மறுபடி செய்ய வேண்டும் என்று கணக்கு வைக்கவே தனியொரு செய்நிரல் எழுத வேண்டியிருந்தது. அறிக்கை தயாரிக்கும் பகுதியை எழுத ஒருநாள் போதும். துண்டுபோடும் பகுதியை எழுத ஒரு கிழமை போய்விடும். புதிய விதி வந்ததும் அத்துண்டுகளின் தொகை இருபதிலிருந்து ஒன்றாகவோ, பாதுகாப்புக்காக இரண்டாகவோ குறைந்துவிட்டது. செய்நிரலாளருக்குக் கிடைத்தது கணினியின் நேரம் அன்று, தம்முடைய நேரம்.

இரண்டாவது புதுமை சற்று நுட்பமானது. இணையத்தின் பழைய வழக்கப்படி பேச்சைத் தொடங்குபவர் எப்போதும் பயனரே. அவருடைய உலாவி கேட்கும், சேவையகம் விடைசொல்லும், அத்துடன் தொடர்பு முடிந்தது. கேளாமற் சேவையகம் தானாக எதையும் சொல்ல முடியாது. ஆகவே இருவர் இணையத்திற் சதுரங்கம் ஆடினால், எதிரி காய் நகர்த்திவிட்டாரா என்று உலாவியானது சில வினாடிகளுக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தபாற்காரர் வருகிறாரா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படலையடிக்கு ஓடும் பிள்ளையைப் போன்றது இது. பிள்ளைக்குக் களைப்பு; பலன் பெரும்பாலும் பூச்சியம். அன்றியும் ஒவ்வோர் ஓட்டமும் மேடையின் கணக்கில் ஒரு கோரிக்கையாகப் பதிவாகும். 1.4.0 பதிப்பிலே வந்த சானல் என்ற வசதி, சேவையகத்துக்கும் உலாவிக்கும் நடுவே ஒரு வாய்க்காலைத் திறந்து வைத்தது. செய்தி உண்டானதும் சேவையகமே அதனை வாய்க்கால்வழி அனுப்பிவிடும். பலர் கூடி ஆடும் விளையாட்டு, ஒரே வேளையிற் பலர் உரையாடும் அறை, நிமிடந்தோறும் மாறும் ஓட்ட எண்ணிக்கையைக் காட்டும் கிரிக்கெற் பலகை ஆகியவற்றையெல்லாம் சிறு செய்நிரலாளரும் எளிதில் ஆக்கக்கூடியதாயிற்று.

மூன்றாவதும் நான்காவதும் ஒரே நோய்க்கு இரு மருந்துகள். கோரிக்கை இல்லாதபோது மேடை படிகளை அணைத்துவிடும் என்று முன்னர்க் கண்டோம். அதனால் ஆளரவம் இல்லாத தளத்துக்கு அதிகாலையில் முதலாவதாக வருபவர், செய்நிரல் புதிதாக உயிர்பெற்று எழும்வரை காத்திருக்க வேண்டும். ஜாவா மொழியில் எழுதப்பட்ட பெரிய செய்நிரல்களில் இக்காத்திருப்புப் பல வினாடிகளுக்கு நீண்டது. அடுப்பு அணைந்த தேநீர்க்கடைக்கு முதலாவதாக வருபவர் தண்ணீர் கொதிக்கும்வரை பொறுத்திருப்பதுபோல எனலாம். கூட்டம் மிகுந்த கடையில் இந்நோய் இல்லை. சிறு கடைக்குத்தான் உண்டு என்பதே இதிலுள்ள வேடிக்கை. புதிய பதிப்பு, நாளொன்றுக்கு 30 சதம், அதாவது மாதம் 9 டொலர் செலுத்தினால், யாரும் வராவிட்டாலும் மூன்று படிகளை எந்நேரமும் விழிப்புடன் வைத்திருக்க ஒப்புக்கொண்டது. அத்துடன், புதிய படி ஒன்று தேவைப்படப் போகிறது என்று மேடை உணர்ந்தால், உண்மையான பயனரை அதனிடம் அனுப்புவதற்கு முன்னரே ஒரு போலிக் கோரிக்கையை அனுப்பி அதனைச் சூடேற்றி வைக்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது. இவற்றோடு, சில சேவைகளுக்கு ஒரே தடவையிற் கொண்டுசெல்லத்தக்க தரவின் அளவும் 1 மெகாபைற்றிலிருந்து 32 மெகாபைற்றாக உயர்ந்தது.

அடுத்த மாதமே, 2011 ஜனவரியில், தரவுத்தளத்திலும் ஒரு பெருமாற்றம் வந்தது. அதுவரை தரவு ஒரு நிலையத்திலே எழுதப்பட்டு, பின்னர் மற்றொரு நிலையத்துக்குப் படியெடுக்கப்பட்டு வந்தது. முதல் நிலையத்திற் பராமரிப்பு வேலை நடந்தால், அவ்வேளையிற் புதிதாக எதையும் எழுத முடியாது. படிக்க மட்டுமே முடியும். புதிய முறையிலே தரவு பல நிலையங்களில் ஒருங்கே இருக்கும். அவற்றுட் பெரும்பான்மையானவை உடன்பட்டாலே எழுத்து நிறைவேறியதாகக் கொள்ளப்படும். ஒன்று படுத்துவிட்டாலும் வேலை நிற்பதில்லை. இதற்கு ஆதாரமான விதியின் பெயர் பாக்சொஸ். லெஸ்லி லம்போட் என்ற கணினி அறிஞர் இதனைக் கிரேக்கத் தீவொன்றின் கற்பனைப் பாராளுமன்றத்தின் கதையாக எழுதினார். அப்பாராளுமன்றத்து உறுப்பினர் தம் சொந்த வியாபாரத்திலேயே கண்ணாயிருப்பர். நினைத்தபோது வருவர், நினைத்தபோது எழுந்து போவர். அப்படியிருந்தும் நிறைவேறிய சட்டங்களில் ஒருபோதும் முரண்பாடு வராமற் காப்பது எங்ஙனம் என்பதே கேள்வி. 1990இல் அனுப்பப்பட்ட அக்கட்டுரை 1998இலேதான் அச்சேறிற்று. கதையின் நகைச்சுவை உரியவர்களுக்குப் பிடிக்கவில்லை போலும்! கணினித்துறையின் மிகவுயர்ந்த விருதான தூரிங் பரிசு 2013ஆம் ஆண்டுக்காக அவ்வறிஞருக்கு வழங்கப்பட்டது.

இவ்வாறு வலுப்பெற்ற மேடையின் ஆற்றலை 2011 ஏப்பிரல் 29ஆந் திகதி உலகம் தன்னையறியாமலே கண்டது. அன்று இலண்டனில் இளவரசர் வில்லியத்தின் திருமணம். அதன் உத்தியோகபூர்வ இணையத்தளம் அப் எஞ்சின்மீதே ஓடியது. வினாடிக்கு 2,000 கோரிக்கைகள் வரை அதற்கு வந்தன. தளம் தடுமாறவில்லை.

ஆனால் அதே ஆண்டு மே மாதத்தில், கோ என்னும் புதுமொழிக்கு இடமளித்த அறிவிப்போடு இன்னோர் அறிவிப்பும் வந்தது. மேடை சோதனைக் காலத்தைக் கடந்து முழுச்சேவையாகப் போகிறது. அதற்கேற்ப வாடகை முறையும் மாறும் என்பதே அது. பழைய முறையிற் செய்நிரல் உண்மையாகக் கணித்த நேரத்துக்கு மட்டுமே கட்டணம். மணிக்கு 10 சதம். புதிய முறையிற் படி ஒன்று உயிரோடிருந்த நேரம் முழுவதற்கும் கட்டணம்; மணிக்கு 8 சதம். பத்து எட்டாயிற்றே, இலாபந்தானே என்று தோன்றும். அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. வாடகைக் கார் ஒன்று முன்னர் ஓடிய மைல்களுக்குப் பணம் வாங்கிற்று. இனி வாசலில் நிற்கும் மணிகளுக்கும் வாங்கும் என்று வைத்துக்கொண்டால் உண்மை விளங்கும். பெரும்பாலான செய்நிரல்கள் தம் நேரத்திற் பெரும்பகுதியைக் கணிப்பதிற் செலவிடுவதில்லை. தரவுத்தளத்திலிருந்து விடை வரும்வரை சும்மா காத்திருப்பதிலேயே செலவிடுகின்றன. போதாக்குறைக்கு, அன்றைய பைதன் 2.5 பதிப்பில் ஒரு படி ஒரே வேளையில் ஒரு கோரிக்கையை மாத்திரமே கையாளும். ஆகவே பத்துப்பேர் ஒன்றாக வந்தால் பத்துப் படிகள், பத்தும் காத்திருக்கும், பத்துக்கும் வாடகை.

இதில் ஒரு நேர்மையும் இருந்தது என்பதைச் சொல்லாதிருத்தல் முறையன்று. காத்திருக்கும் படியும் கணினியின் நினைவகத்தில் இடம் பிடிக்கிறது. அவ்விடத்தை வேறொருவருக்குக் கொடுக்க முடியாது. மண்டபத்தாரின் உண்மையான செலவு அதுவே. எனினும் பழைய கணக்கை நம்பி மூன்றாண்டுகளாகத் தம் செய்நிரலைக் கட்டியெழுப்பியவர்களின் கண்ணுக்கு நியாயம் வேறாகத் தெரிந்தது. 2011 கோடையின் இறுதியில், பழைய முறையில் எவ்வளவு, புதிய முறையில் எவ்வளவு என்று ஒவ்வொருவருக்கும் அருகருகே காட்டும் கணக்கு வெளியிடப்பட்டது. பலருக்கு அது பன்மடங்கு கூடியிருந்தது. அதுவரை ஒரு சதமும் செலுத்தாதிருந்த சிலருக்கும் கட்டணம் எழுந்தது. பெருங்குரல் எழும்பிற்று. அதன் பயனாக, நாளொன்றுக்கு இலவசமாகத் தரவிருந்த 24 படி-மணிகள் 28 ஆக்கப்பட்டன. சில காலத்துக்குப் பாதிக் கட்டணச் சலுகை அளிக்கப்பட்டது. ஒரே படி பல கோரிக்கைகளை ஒருங்கே கையாளக்கூடிய பைதன் 2.7 பதிப்பும் அவ்வாண்டின் இறுதியிற் சோதனையாக வந்தது. நவம்பரிற் புதிய கட்டணம் நடைமுறைக்கு வந்தபோது, முன்னைய டிசெம்பரிற் பெருமையோடு அறிமுகமான, மூன்று படிகளை விழிப்பில் வைத்திருக்கும் அந்த 9 டொலர் வசதி நீக்கப்பட்டுவிட்டது. அதன் ஆயுள் ஓராண்டு தானும் நிறையவில்லை.

பிடிக்காவிட்டால் வேறு மண்டபத்துக்குப் போய்விடலாமே என்று கேட்பது எளிது. ஆனால் இம்மேடையின் தரவுத்தளம், வேலைவரிசை, சானல் எல்லாம் இம்மேடைக்கே உரியவை. வேறிடத்தில் அவை இல்லை. இம்மண்டபத்தின் திரைக்கும் தூணுக்கும் ஏற்ப எழுதிய நாடகத்தை வேறிடத்தில் ஆடவேண்டுமானால், பாதி நாடகத்தைத் திருப்பி எழுதவேண்டும். வசதி பெருகப் பெருக, வெளியேறும் வாயில் ஒடுங்கிக்கொண்டே போகிறது. இதனை உணர்ந்த அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துச் சாந்தா பார்பரா வளாகத்து ஆய்வாளர்கள், அப் எஞ்சினுக்கு எழுதிய செய்நிரலை எவரும் தம் சொந்தக் கணினிகளில் ஓடச்செய்யத்தக்க அப்ஸ்கேல் என்ற திறந்த மூல மேடையை ஆக்கினர். இலங்கையருக்கும் இம்முயற்சியிற் பங்குண்டு. 2005இல் இலங்கையிலே தொடங்கப்பெற்ற டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்துப் பொறியியலாளர், ஸ்ராற்றொஸ் என்னும் திறந்த மூல மேக மேடை ஒன்றை உருவாக்கினர். 2013இல் அது அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளைக்குக் கையளிக்கப்பட்டது. பின்னர் அவ்வறக்கட்டளை அதனை ஓய்வுபெற்ற திட்டங்களின் வரிசையிற் சேர்த்தது. மூலநிரல் மட்டும் யாவரும் எடுத்துப் படிக்கக் கிடைக்கிறது.

2010ஆம் ஆண்டுப் பதிப்பின் ஏனைய வசதிகள் என்னவாயின? வேலைவரிசையின் 10 நிமிடம் நிலைத்தது. பயனர் நேரே காத்திருக்கும் கோரிக்கைகளுக்கான எல்லையும் 2011இல் 60 வினாடியாக உயர்த்தப்பட்டது. சூடேற்றும் கோரிக்கையும் நிலைத்தது. வாய்க்காலோ தூர்ந்துபோயிற்று. உலாவியும் சேவையகமும் இடையறாது பேசுவதற்கான பொதுவழிகள் உலாவிகளிலேயே வந்துவிட்டமையால், 2017 ஒக்ரோபர் 31ஆந் திகதியுடன் சானல் சேவை நிறுத்தப்பட்டது. அதனை நம்பி எழுதப்பட்ட விளையாட்டுகளும் உரையாடல் அறைகளும் வேறு வழியைத் தேடவேண்டியனவாயின.

2018ஆம் ஆண்டு முதல் இரண்டாந் தலைமுறை என்ற பெயரில் மேடையின் அடித்தளமே மாற்றப்பட்டது. செய்நிரல்களை ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்துவைக்கும் தடுப்பு புதிய முறையில் அமைக்கப்பட்டமையால், கோவை எழுதக்கூடாது, இன்ன தொகுதியைப் பாவிக்கக்கூடாது என்ற பழைய தடைகளிற் பல தளர்ந்தன. ஆணி அடிக்க அனுமதி கிடைத்தது எனலாம். ஆனால் பைதன் 3க்கு மாறியவர்களுக்குப் பழைய மண்டபத்தோடு ஒட்டியிருந்த சேவைகள் முதலிற் கிடைக்கவில்லை. பலர் தம் செய்நிரலைப் பெரிதும் திருத்தி எழுதி முடித்த பின்னர், 2021இலேதான் அவற்றுட் பல மீண்டும் வழங்கப்பட்டன. பைதன் 2 மொழிக்கான பராமரிப்பை அதன் ஆக்குநர்கள் 2020 ஜனவரி முதலாந் திகதியுடன் கைவிட்டிருந்தனர். மேடையிலே பைதன் 2.7க்கு அளிக்கப்பட்டுவந்த ஆதரவும் 2024 ஜனவரி 30ஆந் திகதியுடன் முடிவுற்றது. மேடைக்கே உரிய வசதிகளைத் தொடாது, பொதுவான பைதனில் மட்டும் எழுதி வைத்தவர்கள் சில நாள் வேலையோடு புதிய இடத்துக்கு மாறிக்கொண்டனர். ஒவ்வொரு பதிப்பிலும் வந்த ஒவ்வொரு புதுமையையும் ஆர்வத்தோடு எடுத்தாண்டவர்களுக்கோ மாதக்கணக்கிற் பிடித்தது.